பந்து தங்கும் வீட்டின் தேத்தண்ணி

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல விடவில்லை உன் அம்மா. சாப்பிட்டானா, ரப்பர் காட்டில் நுளம்புக்கடி அதிகமாமே, உடுப்பை யார் கழுவுகிறார்கள் என்று என் தோளுக்கு மேலால் அவள் கேட்டுக்கொண்டே இருந்ததில் உன் கேள்வி அடிபட்டுப் போய்விட்டது. பேச்சில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. ஆகையால் எழுதுகிறேன். ஆட்களை மேய்க்கிற கங்காணி வேலையில் வாய்க்குத்தான் பழக்கம், கைக்கு இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேகாலைப் பக்கம் விளையாட்டு ஆசிரியராகப் போய் இன்னும் ஒரு பள்ளித் தவணை முழுசாக முடியவில்லை. அதற்குள் அந்தத் தோட்டத்துப் பையன்களைச் சேர்த்துக் கரப்பந்து டீம் ஒன்று தொடங்கிவிட்டாய். சந்தோஷம். இப்போது அங்கே காய்ச்சலும் இருமலும் சுற்றுகிறது, தாய்மார் பிள்ளைகளை மைதானத்துக்கு விடப் பயப்படுகிறார்கள் என்றாய். "கொரோனா நேரம் நாம திரும்ப பிரக்டிஸ் தொடங்கினப்ப என்னென்ன ஒழுங்கு வச்சோம்ப்பா? எழுதி அனுப்புங்க" என்று கேட்டாய். ஒழுங்குகளை மட்டும் எழுதுவதானால் ஒரு பக்கம் போதும். அவற்றில் அநேகமானவை சரியானவை, நன்றாகவும் வேலை செய்தன. ஒன்று மட்டும் தப்பு. அதைப் போட்டவன் நான். அதனால் உன்னோடு விளையாடிய அந்தோணியின் அப்பா ஆரோக்கியத்தின் மூச்சு போகப் பார்த்தது. அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இருந்த உறவும் கூடவே போகப் பார்த்தது. நீ பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். ஆனாலும் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கடிதம் எழுதும்போது எழுந்து போக முடியாது என்பதால் இது எனக்கும் நல்லதுதான்.

அந்தக் காலத்தை முதலில் நினைத்துப் பார். கொழும்பில் கடைகளிலும் கார்மெண்டிலும் வேலை பார்த்த பையன்கள் எல்லாம் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தார்கள். நீயும் வந்திருந்தாய். தேயிலைக் கொழுந்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. பெண்கள் முகத்தைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள், நீங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு போனைத் தடவினீர்கள். நம் நிவித்திகலப் பக்கத்து மழை உனக்குத் தெரியும், தொடங்கினால் விடாது. ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வளர்ந்த ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர் நாள் முழுக்க அடைந்து கிடந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள். அப்பன் மகன் பேசாமல் இருந்தார்கள். சில பேர் காலையிலேயே குடிக்கத் தொடங்கினார்கள். மைதானத்தைத் திறந்து விடுங்கள் என்று முதலில் கேட்டது நீங்கள் இல்லை, உங்கள் தாய்மார்தான். இவனுகளை எங்கேயாவது ஓட விடுங்க கங்காணி என்று மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ மாத்தயாவிடம் போய்க் கேட்டோம். அவர் நல்ல மனிதர். கூட்டம் கூடாது, வேறு தோட்டத்து டீம் வரக்கூடாது, போட்டி வேண்டாம், வேடிக்கை பார்க்க ஆள் நிற்கக்கூடாது, பிரக்டிஸ் மட்டும் செய்யலாம் என்றார். பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணியாக இருப்பதில் உள்ள தொல்லை இதுதான். பொறுப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடனே ஆட்களின் தலை நம் பக்கம் திரும்பிவிடும். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மலையில் எனக்குத் தெரிந்த முறையைத்தான் மைதானத்துக்கும் கொண்டுவந்தேன். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. அடுத்தவர் நிரைக்குள் கை வைத்தால் சண்டை வரும். அதே மாதிரி மடுவத்துப் பக்கத்து மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆளுக்கு ஒரு நிரை பிரித்தேன். முதலில் நெட்டே கட்டவில்லை. அவரவர் நிரையில் ஓடுவது, குனிந்து நிமிர்வது, அவ்வளவுதான். வீட்டில் கிடந்த உடம்பு முதல் நாளே பழைய மாதிரிக் குதிக்கப் பார்க்கும், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். அதற்காகவும்தான் மெதுவாகப் போனோம். அப்புறம் இரண்டு இரண்டு பேராக நின்று சர்வீஸ். அதற்கும் அப்புறம்தான் நெட். எப்போதும் அதே ஆட்கள், இன்றைக்கு ஒருவன் நாளைக்கு ஒருவன் என்று மாற்றவில்லை. தண்ணீர்ப் போத்தல் அவரவருடையது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவன் வரக்கூடாது, வராதவனை யாரும் கேலி பேசவும் கூடாது. பந்தைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துத் துடைத்து அதில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்தே போனது. நீ கெப்டன். என் கத்தல் தாங்காமல் ஒரு நாள் சொன்னாய், "அப்பா, நாங்க கொழுந்து எடுக்க வரல, வெளையாட வந்திருக்கோம்." பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

இந்த ஒழுங்குகளையெல்லாம் நீ அப்படியே எடுத்துக்கொள். ஒன்றும் பழுதில்லை. பீ.எச்.ஐ மாத்தயாவே ஒரு நாள் மாலை வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டு, நகரத்து டீம்கள்கூட இப்படிச் செய்யவில்லை என்றார். போகும்போது, விளையாட்டு முடிந்ததும் பையன்கள் எங்கே போவார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "கெதரட்ட தமய் மாத்தயா" என்றேன். வீட்டுக்குத்தான், வேறு எங்கே. அவர் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். நான் பொய் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுக்குத்தான் போனீர்கள். ஆனால் எல்லோரும் ஒரே வீட்டுக்குப் போனீர்கள். அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ், கடை, மைதானம் எல்லாம் வெளியிடம், அங்கேதான் நோய் இருக்கும், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் தப்பினோம் என்று என் புத்தியில் பதிந்திருந்தது.

பந்து முறை உனக்குப் பிறந்தது முதல் தெரியும், ஆனால் அது வந்த கதை முழுசாகத் தெரியாது. நாங்கள் இளந்தாரிகளாக இருந்தபோது தோட்டத்துக்கே ஒரு பந்துதான். அது யார் வீட்டில் இருப்பது என்று மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஓயாத சண்டை. கடைசியில், ஒவ்வொரு நாளும் ஒரு ஆட்டக்காரன் வீட்டில் பந்து தங்கட்டும், பந்தை எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய் விடுவோம், அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவோம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். பந்து காணாமல் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதில் இன்னொன்று இருந்தது. அந்தக் காலத்தில் மேல் லயத்து ஆட்கள் கீழ் லயத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கீழ் லயத்து ஆள் நம் வீட்டுக்கு ஏதாவது காரியமாக வந்தால் அவருக்கென்று ஒரு கோப்பை இஸ்தோப்புக் கூரையில் செருகி இருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருகிவிட்டுப் போகவேண்டும். நீ அதைப் பார்த்ததில்லை. நான் பார்த்து வளர்ந்தவன். பார்த்தபோது அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரோக்கியம் கீழ் லயம். பந்தை அவர் தூக்கிக் கொடுப்பார், நான் அடிப்பேன். அவர் தூக்கிக் கொடுக்கிற உயரம் எனக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கும். பந்து முறை அவர் வீட்டுக்கு வந்த முதல் நாள், மேல் லயத்துப் பையன்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் உள்ளே போனேன். அவருக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். ரோசம்மா புதுப்பெண். நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். ஆரோக்கியத்தோடு விளையாட வேண்டும், அதற்கு இது வழி என்று குடித்தேனே தவிர பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது என் அப்பா என்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் அவரும் பேசினார். அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்த வீட்டிலும் கூரையில் கோப்பை செருகியதை நான் பார்க்கவில்லை. பந்து முறை என்பது இதுதான். தேத்தண்ணி அதில் ஒரு உபசாரம் இல்லை, அதுதான் முழு விஷயமும்.

இப்போது கொரோனாவுக்கு வருகிறேன். மைதானத்தில் இவ்வளவு ஒழுங்கு வைத்துவிட்டு, அது முடிந்ததும் நீங்கள் எட்டொன்பது பேரும் முகக்கவசத்தைப் பையில் வைத்துக்கொண்டு பந்து தங்கும் வீட்டுக் காம்பராவுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். தேத்தண்ணியை நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்துவதானால் எந்த வீட்டில் தொடங்கி நிறுத்துவது? எந்த வீட்டு முறையில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர், இதற்குத்தானே காத்திருந்தார்கள் என்று நினைப்பார். அதனால் நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, எச்சில் கோப்பைதான் ஆபத்து என்று நானே முடிவு செய்து, இனி அவரவர் கோப்பையை அவரவர் கொண்டுவரவேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம், யாருக்கும் குறை இல்லை என்று எண்ணிக்கொண்டேன். முதல் முறை நம் வீட்டில்தான். எல்லோரும் கோப்பையோடு வந்தார்கள், உன் அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றினாள். யார் மனதுக்கும் ஒன்றும் படவில்லை. மேல் லயத்து நம் வீட்டில் படாது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்தது அந்தோணி வீடு. அன்றைக்கும் மழை. ஆரோக்கியம் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். ஃபெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்து செய்து அவருக்கு நெஞ்சு இழுப்பு என்பது தோட்டத்துக்கே தெரியும். சாரல் அவருக்கு ஆகாது என்று ஜன்னலையும் கதவையும் அந்தோணி சாத்தினான். ரோசம்மா தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அதே நீலப் பூக் கோப்பைகள், உடைந்தது போக மிஞ்சியவை, குறைக்கு வேறு சில. எங்கள் கையில் இருந்ததைப் பார்த்தாள். "ஓ, கொண்டாந்திருக்கீங்களா" என்றாள். அவ்வளவுதான். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கேத்தலை எடுத்துவந்து எங்கள் கோப்பைகளில் ஊற்றினாள். "என்ன கங்காணி, பாத்திரத்த தூக்கிக்கிட்டு, அன்னதானத்துக்கா வந்தீங்க?" என்று ஆரோக்கியம் கேலி செய்தார். யாரும் சிரிக்காததால் அவரும் பேச்சை விட்டுவிட்டார். நோய்க்காக, எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாக இருந்தது.

நீ மட்டும் உன் கோப்பையை இஸ்தோப்புச் சுவரில் வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாய். "அத்தை, எனக்கு உங்க கோப்பையிலயே தாங்க. உள்ள எடமில்ல, நான் வெளிய நின்னு குடிக்கிறேன்." ரோசம்மா தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து உனக்கு ஊற்றினாள். தாவாரத்தில் நின்று, முதுகு நனைய நனைய நீ குடித்தாய். எனக்குக் கோபம். கெப்டனே சட்டத்தை மீறினால் மற்றவன் மதிப்பானா என்று வீட்டுக்கு வரும் வழியில் உன்னைத் திட்டினேன். நீ நின்று, "அந்த வீட்டுக்குமா கோப்பைய தூக்கிட்டுப் போனீங்கப்பா" என்றாய். விடுவிடுவென்று நடந்து போய்விட்டாய். என் எவர்சில்வர் கோப்பையை அங்கேயே மறந்துவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. போய் எடுத்துவர மனம் வரவில்லை.

டீமில் செல்வத்துக்குக் காய்ச்சல் வந்தது முதலில். மாணிக்கக் குழியில் வேலை செய்கிற பையன், அங்கே யாரிடமிருந்தோ தொற்றியிருக்கிறது. அந்தோணி வீட்டு முறையன்று காலையிலேயே அவனுக்குத் தொண்டை கரகரத்திருக்கிறது. குணமானபிறகு அவனே என்னிடம் வந்து சொன்னான்: "வெறும் பிரக்டிஸ்னா வந்திருக்க மாட்டேன் கங்காணி. அந்தோணி வீட்டு மொறைக்கு வராம நின்னா தப்பா நெனப்பாங்களேன்னு வந்தேன்." அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மரியாதை குறையக்கூடாது என்று அவன் நோயோடு வந்தான், மரியாதை குறையக்கூடாது என்று நான் தேத்தண்ணியை நிறுத்தாமல் விட்டேன். இப்படியொரு முட்டாள்தனத்தை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்வார்களா என்று தெரியவில்லை. அந்தக் காம்பராவில் இருந்தவர்களில் அநேகம் பேர் படுத்தோம். நானும் படுத்தேன். லயத்தைக் கயிறு கட்டி மறித்தார்கள். தாவாரத்தில் நின்ற உனக்கு ஒன்றும் வரவில்லை. ஆரோக்கியத்தை அம்புலன்ஸில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒட்சிசன் வைத்திருக்கிறது என்றார்கள், அப்புறம் பல நாள் ஒரு செய்தியும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவர் செத்துப்போனால் கடைசியாக என் கையில் அவர் பார்த்தது அந்தக் கோப்பைதான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

அரிசியும் கிழங்கும் தூக்கிக்கொண்டுபோய் அந்தோணி வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தவன் நீ. பீ.எச்.ஐ மாத்தயா வந்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டபோது, காம்பராவில் உட்கார்ந்ததை ஒளிக்காமல் சொன்னவனும் நீ. அவர் திட்டவில்லை. மைதானத்தில் பரவியிருக்காது, மூடின அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்ததில்தான் வந்திருக்கும், சுடுதண்ணீரில் கழுவின கோப்பை என்றால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொன்னாராம். நீ வந்து கட்டில் பக்கம் தள்ளி நின்று இதை எனக்குச் சொன்னாய். விடவேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்கவேண்டியதை விட்டிருக்கிறேன். அறையை விட்டிருக்கவேண்டும், கோப்பையை விட்டிருக்கக்கூடாது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் பிழைத்து வந்தார். ஆள் பாதியாக வந்தார். கயிறு அவிழ்த்து, மறுபடியும் மைதானம் போகலாம் என்றானபோது பந்து இல்லை. அது அந்தோணி வீட்டிலேயே இருந்தது. போய் எடுத்துவர ஒருவனும் தயாராக இல்லை. நோய்க்குப் பயந்து இல்லை, முகத்தைக் காட்ட வெட்கம். நீ போகிறேன் என்றாய். நான்தான் உன்னை நிறுத்தினேன். அன்று பகல், கையில் ஒன்றும் இல்லாமல் போனேன். ஆரோக்கியம் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு இருந்தார். நான் வாசலில் தள்ளி நின்றேன். காலடியில் பந்து. "பந்துக்கும் காத்து எறங்கிருச்சு கங்காணி" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

ரோசம்மா உள்ளேயிருந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டாள். சரி என்றேன். கொண்டுவந்தாள். என் எவர்சில்வர் கோப்பை. பளபளவென்று தேய்த்திருந்தது. "உங்க கோப்பைதான். அன்னைக்கு வுட்டுட்டுப் போயிட்டீங்க. பத்திரமா வச்சிருந்தேன்" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "தங்கச்சி, அன்னைக்கு நான்" என்று தொடங்கினேன். "குடிங்கண்ணே, ஆறிரும்" என்றாள். குடித்தேன். நல்ல சாயம், கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கோப்பையைக் கழுவிக் கொடுத்தேன், அவள் வாங்கி உள்ளே வைத்தாள். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் நான் உனக்கு எழுதவேண்டிய உண்மையான ஒழுங்கு. எங்கிருந்தோ ஒரு நீலத் தறப்பாளைக் கொண்டுவந்தாய். பந்து எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டு வாசலில் தறப்பாளும் போய்க் கட்டப்படும். காம்பராவுக்குள் யாரும் போவதில்லை. தறப்பாளுக்கு அடியில் தள்ளித் தள்ளி நின்று, அந்த வீட்டுக்காரர் சுடுதண்ணீரில் கழுவிக் கொடுக்கிற அந்த வீட்டுக் கோப்பையில்தான் எல்லோரும் குடிக்கவேண்டும். முதலில் நம் வீட்டு வாசலில் கட்டி, நம் காம்பராவின் கதவைத்தான் நீ முதலில் சாத்தினாய். உன் அம்மாவுக்கு அது மனக்குறைதான், வந்த ஆட்களை உள்ளே கூப்பிடாமல் என்ன வீடு என்றாள். ஆனால் நம் கதவே சாத்தியிருந்ததால் அடுத்த கதவு சாத்தியபோது யாருக்கும் சொல்ல வார்த்தை இல்லை. அதன் பிறகு அந்த டீமில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் காய்ச்சல் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே உனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நிரை பிரி, சின்னக் கூட்டமாக வை, காய்ச்சல்காரனை வீட்டில் இருக்கச் சொல், அவன் வீட்டில் இருப்பதை யாரும் வேறு மாதிரி அர்த்தம் பண்ணாதபடி நீயே முந்திக்கொண்டு எல்லோருக்கும் சொல். இதெல்லாம் எந்தப் பீ.எச்.ஐயும் சொல்லுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அங்கே விளையாட்டு முடிந்ததும் பையன்கள் எங்கே கூடுகிறார்கள், யார் வீட்டில் என்ன குடிக்கிறார்கள், யார் வீட்டுக்குப் போவதில்லை என்று முதலில் விசாரி. கோயில் வாசலாக இருக்கலாம், கடை முன் வாங்குப் பலகையாக இருக்கலாம், யாராவது ஒருவனின் அக்கா வீடாக இருக்கலாம். மைதானத்துக் கோடு யாருக்கும் வலிக்காது. வீட்டு வாசலில் நீ போடுகிற கோடு எங்கேயோ போய் வலிக்கும், எங்கே என்று போடுகிறவனுக்குத் தெரியாது. போடத்தான் வேண்டும் என்றால் உன் வாசலில் முதலில் போடு. இதை நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத் திருப்பி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்னிடம் கேட்டதில்லை. அந்த நாளிலிருந்து, பந்து முறை அந்தோணி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மற்ற எல்லோருக்கும் நீலப் பூக் கோப்பையோ கண்ணாடிக் கோப்பையோ வரும். எனக்கு மட்டும் என் எவர்சில்வர் கோப்பை வரும். தறப்பாள் போய், மறுபடியும் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காம்பராவுக்குள் உட்காரத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். ரோசம்மா அதே முகத்தோடு தருவாள், ஊர்க்கதை பேசுவாள், உன்னை விசாரிப்பாள். நானும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் குடிப்பேன். கூரையில் செருகியிருந்த கோப்பையில் குடித்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். நியாயம்தான் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வலித்தது.

நீ கேகாலைக்குப் போன பிறகு பந்து முறை போன வாரம் அந்த வீட்டுக்கு வந்தது. போனேன். பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆரோக்கியம் அதே ஜன்னலோரம். ரோசம்மா தட்டை என் முன்னால் நீட்டினாள். எல்லாம் வீட்டுக் கோப்பைகள். என்னுடையதைத் தேடினேன், இல்லை. எடுக்காமல் இருந்ததைப் பார்த்து, "எடுங்கண்ணே" என்றாள். "என் கோப்பை எங்க தங்கச்சி?" என்று கேட்டேன். இவ்வளவு காலத்தில் அதைப் பற்றி நான் வாயைத் திறந்தது அப்போதுதான். "அதையா? கோழிக்குத் தண்ணி வைக்க எடுத்துக்கிட்டேன். மண் கிண்ணத்தையெல்லாம் கவுத்து ஒடச்சிருதுக" என்றாள். ஆரோக்கியம் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடியும் சிரித்தார். நான் நீலப் பூக் கோப்பையை எடுத்துக் குடித்தேன். காது உடைந்த கோப்பை. கையைச் சுட்டது.

வெளியே வரும்போது கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தேன். என் கோப்பை பாதி மண்ணில் அமுங்கி இருந்தது. ஒரு பெட்டைக் கோழி அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. அந்தோணி வந்து, "என்ன மாமா, கோழி வாங்கப் போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். வீடு வரைக்கும் சந்தோஷமாக நடந்து வந்தேன் மகனே, அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் அம்மாவுக்கு மட்டும் கோபம். அது அவள் கல்யாணத்துக்கு வந்த கோப்பையாம்.

அப்பா